பேர்சி தமிழில் சொன்ன சரித்திரம்

பேர்சியின் இடது கை கோட்டுக்குள் போக மறுத்தது. வலது கை முதலிலேயே சமாதானமாக உள்ளே போய்ப் படுத்துவிட்டது. இடது கை மட்டும், ஏதோ சொல்ல மிச்சமிருப்பதுபோல, முழங்கையை விறைத்துக்கொண்டு நின்றது.

“உயிரோட இருக்கேக்கையும் இப்பிடித்தான்,” என்றாள் பற்றிமா. “நேரமாகுது, கோட்டைப் போடுங்கோ எண்டால், ஒரு கையை வெளியில வைச்சுக்கொண்டு ஒரு கதை சொல்லுவார்.”

கையுறை போட்ட இளம் சுவிஸ்காரி தமிழ் விளங்காமலே தலையாட்டினாள். இறந்தவர்களுக்கு உடுத்துவது அவள் தொழில். தலையாட்டுவதும் அதில் அடக்கம். பிறகு கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டி, கோட்டின் முதுகை நடுவால் வெட்டினால் சுலபம், எல்லோருக்கும் அப்படித்தான் செய்வது, முன்னால் பார்த்தால் தெரியாது என்று ஜெர்மனில் விளக்கினாள்.

“நைன்,” என்றாள் பற்றிமா. முப்பத்தொரு வருடம் வின்டர்தூரில் இருந்து அவள் படித்த ஜெர்மனில் ஆகப் பழுதில்லாத சொல் அந்த ‘இல்லை’தான்.

முதுகு வெட்டிய கோட்டோடு புருசனைப் பரலோகத்துக்கு அனுப்பினால், அந்த மனிதர் வாசலிலேயே திரும்பி நின்று முதுகைக் காட்டி அதற்கும் ஒரு கதை கட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். இருபது நிமிடம் பிடித்தது. கடைசியில் கைதான் தோற்றது.

வாசலில் நின்ற மகள் அனோஜா கைபேசியிலிருந்து தலை நிமிர்ந்தாள். “அம்மா, பெரியப்பா அறிவித்தல் போட்டிட்டார்.”

“என்னண்டு?”

“‘மன்னாரைப் பிறப்பிடமாகவும், சுவிஸ் வின்டர்தூரை வதிவிடமாகவும் கொண்ட...’”

“அது தெரியும். எங்கயெண்டு போட்டிருக்கு?”

“கத்தோலிக்கக் கோவில். வியாழக்கிழமை பத்து மணி. தமிழ்ப் பூசை.”

பற்றிமா கணவரின் கடைசிப் பொத்தானைப் பூட்டினாள். 

நம்மவர்களிடையே ஒருவர் செத்தார் என்பது மூச்சு நின்றதால் உறுதியாவதில்லை, இணையத்தில் அறிவித்தல் வந்ததால் உறுதியாகிறது. வந்துவிட்டால் கனடாவில் அழத் தொடங்கிவிடுவார்கள். லண்டனில் விமானச் சீட்டு எடுத்துவிடுவார்கள். அகதி விண்ணப்பத்தில் தவறாக எழுதிய பிறந்த தேதியையாவது பதினைந்து வருடம் நடையாய் நடந்து திருத்தலாம். அறிவித்தலைத் திருத்தியவன் ஒருவனும் கிடையாது.

ஆனால் பேர்சி வேறு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசிப் பின்னேரம், மூக்கில் குழாயோடு சொன்னார்: “பற்றிமா, என்ர பெட்டி எங்கட சபையின்ர நாப்பத்தெட்டுப் படியும் ஏறவேணும்.”

“அங்க லிஃப்ற் இருக்கெல்லோ?”

“அது சாமான் லிஃப்ற். நான் சாமானில்லை.”

அவள் நாளைக்குச் சண்டை பிடிக்கலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் காலைச் சாப்பாட்டுத் தட்டு வருமுன் அவர் போய்விட்டார்.

அவள் அன்றைக்கு ஓமென்று சொல்லாததற்குக் காரணமிருந்தது. அந்தச் சபைக்குள் கால் வைப்பதில்லை என்று சத்தியம் செய்தவள் அவள். தொண்ணூற்று மூன்றில், கல்யாணம் பேசிய காலத்தில், பேர்சி மன்னாருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ‘இங்கே ஒரு பெரிய சபையில் நான் தூண்போல இருக்கிறேன்’ என்று. மாதாவின் பெயரை வைத்துக்கொண்டிருந்த பற்றிமா, சுவிஸ் தேவாலயக் கோபுரங்களை மனத்தில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். முதல் ஞாயிறு சேலை உடுத்தி அவருடன் போனாள். அவர் அவளை ஓர் அகதிக் கட்டடத்தின் நிலவறைக்குக் கூட்டிப்போனார். அங்கே நான்கு உடுப்புத் தோய்க்கிற இயந்திரங்கள், ஒரு சீமெந்துத் தொட்டி, சவர்க்கார மணம், இருபத்தைந்து ஆபிரிக்கர்கள். பேர்சி சொன்ன தூண் உண்மையில் இருந்தது. அதில் தண்ணீர்க் குழாய் ஓடியது.

வாசலிலேயே திரும்பியவள்தான். முப்பத்தொரு வருடம் திரும்பியபடியே நின்றாள்.

*

வீட்டுக்கு வந்தபோது பேர்சியின் அண்ணன் சந்தியோகு சோபாவின் நடுவில் இருந்தார். லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையை முப்பது வருடம் ஆண்டு ஓய்வு பெற்றவர். அந்தச் சமையலறையில் அவரைக் கேட்காமல் தண்ணீர்கூடக் கொதிக்காது என்பார்கள். மரணச் சடங்கையும் அதே முறையில்தான் நடத்தினார்.

“பூக்கடைக்குச் சொல்லியாச்சு. சுவாமிக்குச் சொல்லியாச்சு. வீடியோ எடுக்கிற பெடியனுக்கும் சொல்லியாச்சு. நீ ஒண்டுக்கும் யோசியாதை, பிள்ளை.”

“நான் யோசிக்கத்தான் வேணும், அத்தான்.”

மணி அடித்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர் பாஸ்ரர் செலஸ்ரின். கொங்கோக்காரி, ஐம்பது வயது, வயோதிபர் இல்லத்தில் வேலை. கிழமைநாளில் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுவார், ஞாயிறுகளில் மற்றவர்களைத் தூக்கி நிறுத்துவார். கையில் துணி சுற்றிய பெரிய பானை. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருடைய ஊரிலும் அதே வழக்கமாம்.

சந்தியோகு நகர்ந்து இடம் விடவில்லை. செலஸ்ரின் சமையலறைக் கதிரை ஒன்றைத் தானே இழுத்து வந்து இருந்தார்.

“மமா பற்றிமா,” என்று ஜெர்மனில் தொடங்கினார், “எங்களுக்கு ஒரு பெரிய இக்கட்டு. பேர்சி சரித்திரத்தையும் கொண்டு போயிட்டார்.”

சரித்திரம் என்பது அந்தச் சபையின் வழக்கம். யாராவது இறந்தால், பெட்டி வெளியே போகுமுன், சபையில் ஆகப் பழைய ஆள் எழுந்து நின்று, சபை தொடங்கிய நாளிலிருந்து வந்த பாஸ்ரர்மாரின் கதையைத் தாளில் பாராமல் சொல்லவேண்டும். நல்லவர், கெட்டவர் ஒருவரையும் விடக்கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுவதும் ஒருதரம் காலால் நிலத்தில் அடிக்கும். ஓடி வந்தவர்களுக்குப் பதிவேடு கிடையாது, அதனால் வாயில்தான் வைத்திருக்கவேண்டும் என்பது முதல் பாஸ்ரரின் கட்டளை. இன்னொன்றும் சொல்லியிருந்தார்: சொல்பவர் தாய் எந்தப் பாஷையில் தன்னை ஏசினாளோ அந்தப் பாஷையில் சொல்லவேண்டும். வேறு பாஷையில் சொன்னால் பொய் வரும்.

இருபது வருடமாக ஆகப் பழைய ஆள் பேர்சி. ஆகவே ஒரு கறுப்பினச் சபையின் முழுச் சரித்திரமும் இருபது வருடமாக மன்னார்த் தமிழில் சொல்லப்பட்டு வந்தது. கேட்ட ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. பெயர் வந்தால் அடித்தார்கள், பேர்சி சிரித்தால் சிரித்தார்கள், அவர் கண்ணைத் துடைத்தால் துடைத்தார்கள். அதை எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பேர்சி சாவார் என்றும் தோன்றவில்லை.

“பெயர்கள் எங்களுக்குத் தெரியும்,” என்றார் செலஸ்ரின். “பெயர்களுக்கு நடுவில என்ன எண்டுதான் தெரியாது. தெரிஞ்ச ஆள் உலகத்தில நீங்கள் ஒராள்தான்.”

அது உண்மை. ஒவ்வொரு சாவுக்கும் முதல்நாள் பேர்சி இந்தச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சரித்திரத்தை ஒத்திகை பார்ப்பார். பற்றிமா பாத்திரம் கழுவிக்கொண்டே “பொய்!” என்று கத்துவாள். அவர் அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவார்.

“நான் உங்கட சபையில்லை,” என்றாள் பற்றிமா. “நான் அந்த வாசலே மிதிச்சதில்லை.”

“தெரியும். ஆனால் நீங்கள் சொல்லாட்டில் பேர்சியோட எங்கட முப்பத்தஞ்சு வருசத்தையும் சேர்த்துப் புதைக்கிறம்.”

சந்தியோகு தொண்டையைச் செருமினார். செலஸ்ரினுக்கு விளங்காது என்ற துணிவில் தமிழில் சொன்னார்: “உந்தக் கறுவலுகளை ஆர் இஞ்ச கூப்பிட்டது? ஏதோ தம்பி அவையோட கூத்தடிச்சான். செத்தாப் பிறகாவது அவனை மரியாதையா அனுப்புவம். சனம் என்ன கதைக்கும்?”

செலஸ்ரினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தொனி தெரியும். அது எல்லா நாட்டிலும் ஒரே பாஷை. பானையைச் சுற்றியிருந்த துணியை மெல்ல அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்தார்.

பற்றிமாவுக்கு அந்த மடிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அத்தான், நீங்கள் வருசா வருசம் ஐன்சீடல்னுக்கு எத்தினை பஸ் பிடிச்சுச் சனத்தைக் கொண்டு போறனீங்கள்?”

“ஏன், நாலு பஸ்.”

“அங்க இருக்கிற மாதா என்ன நிறம்?”

 ஐன்சீடல்ன் யாத்திரைக் கோவிலின் மாதா கரிக்கறுப்பு என்பது சுவிஸில் எல்லோருக்கும் தெரியும்.

“மாதா கறுப்பெண்டால் முழங்காலில போவியள், பாஸ்ரர் கறுப்பெண்டால் சோபாவில இடம் விடமாட்டியள், என்ன?”

“பற்றிமா, அறிவித்தல் போட்டாச்சு!”

“அனோஜா,” என்றாள் பற்றிமா, “இன்னொரு அறிவித்தல் போடு. வியாழக்கிழமை பத்து மணி, சபையின்ர இடம். தகவல் எண்ட இடத்தில ‘மனைவி’ எண்டு போடு. முதல் போட்டது பிழையெண்டும் போடு.”

“பிழையெண்டு போடலாமோ, அம்மா?”

“பெரிய எழுத்தில போடலாம்.”

சந்தியோகு எழுந்தார். பூக்கடை, சுவாமி, வீடியோப் பெடியன் மூவருக்கும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவருக்கு மூன்று வாய் தேவைப்பட்டது. இருந்த ஒன்றும் திறக்கவில்லை. கதவுக்கருகில் நின்று, “நான் வருவனோ தெரியாது,” என்றார்.

“வாங்கோ. முன்வரிசையில இருங்கோ. நீங்களும் சரித்திரத்தில இருக்கிறியள்,” என்றாள் பற்றிமா.

*

அந்தச் சபை இப்போது பழைய இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. வியாழக்கிழமை வெளியே பனி. முன்னால் இரண்டு கொங்கோக்காரர், நடுவில் ஒரு கானாக்காரரும் பேர்சியோடு வேலை செய்த குலேந்திரனும், பின்னால் அனோஜாவின் கணவன் ஜஸ்ரினும் தலைப்பாகை கட்டிய ஒரு நைஜீரியப் பெண்மணியுமாகப் பெட்டியைத் தூக்கினார்கள். நாற்பத்தெட்டுப் படி. முப்பதாவது படியில் குலேந்திரன் சொன்னான்: “அண்ணை உயிரோட இருக்கேக்க இவ்வளவு பாரமில்லை.” அடக்க வேலைக்கு வந்த சுவிஸ்காரர் பின்னால் ஏறியபடி, லிஃப்ற் இருக்கிறது என்று ஒவ்வொரு மாடியிலும் பணிவாக நினைவூட்டினார்.

பற்றிமா பெட்டிக்கு முன்னால் நடந்தாள். வாசல் வந்தது. இரும்புக் கதவு, மரத்தாலான நிலப்படி. அவள் நின்றாள்.

உள்ளே நூற்றைம்பது ஆபிரிக்கர்கள் வெள்ளை உடுத்தி எழுந்து நின்றார்கள். பின்வரிசைகளில் கறுப்புக் கோட்டுப் போட்ட தமிழர்கள் இருநூறு பேர். இரண்டாவது அறிவித்தல் முதலாவதைவிட வேகமாகப் பரவியிருந்தது. சண்டை உள்ள செத்த வீட்டைத் தவறவிட எவருக்கு மனம் வரும்? முன்வரிசையில் சந்தியோகு. வந்துவிட்டார்.

நின்றவளின் இடுப்பில் பெட்டியின் முனை இடித்தது.

“வாறன், வாறன். அவசரப்படாதேங்கோ,” என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டு உள்ளே காலை வைத்தாள்.

பாட்டு முடிந்தது. செபம் முடிந்தது. செலஸ்ரின் ஒதுங்கி இடம் விட்டார். பற்றிமா பெட்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

“இது தொண்ணூறாம் ஆண்டு தொடங்கினது,” என்றாள். “இந்த நாட்டில ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்க ஏலாது. அகதிக் கட்டடத்தில தோய்க்கிற அறை சும்மா கிடந்தது. கொங்கோவில இருந்து வந்த பாஸ்ரர் ம்புயி, கட்டடம் பாக்கிற மனிசனிட்டக் கேட்டார், இஞ்ச செபிக்கலாமோ எண்டு. அந்த மனிசன் சட்டப் புத்தகத்தை நாலுதரம் பிரட்டினான். மெசின் ஓடக்கூடாது எண்டு இருக்கு, கடவுள் ஓடக்கூடாது எண்டு இல்லை எண்டான்.”

“ம்புயி!” என்றார் செலஸ்ரின். முந்நூறு பாதங்கள் பலகை நிலத்தில் ஒரேயடியாக அடித்தன. தமிழர்கள் கதிரையோடு ஒருதரம் எழும்பி இருந்தார்கள்.

“பெட்டியில கிடக்கிற இவர் அங்க பக்தியில போகேல்லை. திங்கக்கிழமை வேலைக்கு ஒரு சட்டைதான் இருந்தது. களவாத் தோய்க்கப் போனவர். கதவைத் திறந்தால் பதினொரு பேர் முழங்காலில. பிடிபட்டிடுவன் எண்ட பயத்தில ஈரச் சட்டையோட தானும் முழங்காலில இருந்திட்டார். பிறகு எழும்பவேயில்லை.”

தமிழர் வரிசையில் யாரோ சிரித்து, சிரித்ததற்காக இருமினார்கள்.

“அந்தத் தொட்டியிலதான் ஞானஸ்நானம். ஆறரை அடி மனிசன் ஒருத்தன் வந்தான். தொட்டி மூண்டடி. பாஸ்ரர் அவனை மூண்டு தவணையா முழுக்காட்டினார். மார்கழியில தலை. தையில இடுப்பு. மாசி வரைக்கும் அந்த மனிசனின்ர கால் ரண்டும் அஞ்ஞானியாத்தான் திரிஞ்சது.”

இப்போது சிரிப்பை இருமலால் மூட முடியவில்லை. இருபது வருடம் எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று மட்டும் அறிந்திருந்த ஆபிரிக்கர்கள், ஏன் என்று அறிந்த ஆட்களை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ரண்டாவது, கானாக்காரர், பாஸ்ரர் அமோவா. ரெயில் பெட்டி துடைக்கிற வேலை. ஒரு சனிக்கிழமை பொலிஸ் வந்து பிளேனில ஏத்திப்போட்டாங்கள், பிரசங்கம் பாதி எழுதினபடி மேசையில. ஞாயிற்றுக்கிழமை தோய்க்கிற அறையில அழுதுகொண்டிருக்கேக்க, மாடியில கிடந்த ரெலிபோன் அடிச்சது. அக்ராவில இறங்கின உடன எடுத்திருக்கிறார். ‘நேற்று எழுதினதை எடுங்கோ, மூண்டாம் பக்கத்தில இருந்து வாறன்’ எண்டார்.”

“அமோவா!” பாதங்கள் அடித்தன. இம்முறை தமிழர் பக்கத்திலும் சில சப்பாத்துகள்.

“மூண்டாவது ஒபின்னா. பாதிச் சனத்தையும் ரண்டு மேளத்தையும் கொண்டு சூரிச்சுக்குப் போய்த் தனிச் சபை வைச்சவர். இவர் அவரையும் விடக்கூடாது எண்டவர். விட்டுப் போனவனை நாங்களும் விட்டால், அவன் செய்தது சரியெண்டு ஆகிடுமாம்.”

ஒபின்னாவுக்கு அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

பற்றிமா கையை எடுத்து மறுகையை ஊன்றினாள். அடுத்ததை விட்டுவிடலாம். விட்டால் சபைக்கு யாரும் சொல்லப்போவதில்லை. பேர்சி ஒருமுறையும் விட்டதில்லை. ஆனால் பேர்சி சொன்னபோது விளங்கிய காது ஒன்றும் அங்கே இருந்ததில்லை.

“இது திரும்பவும் ம்புயியின்ர காலம், தொண்ணூற்றொண்டு மாசி,” என்றாள். “தோய்க்கிற அறையில குழாய் வெடிச்சு முழங்காலளவு தண்ணி. தமிழாக்களின்ர மண்டபத்தை ஒரு ஞாயிறு கேட்டு பாஸ்ரர் ம்புயியும் இவரும் போனவை. அப்ப மண்டபத்தின்ர செயலாளர் இவரின்ர சொந்த அண்ணை. ‘தரலாம், ஆனால் பிறகு மணம் போகாது’ எண்டார். பாஸ்ரருக்கு விளங்கேல்லை. என்ன சொல்லுறார் எண்டு இவரைக் கேட்டார். இவர், மண்டபம் வெள்ளை அடிக்கினமாம் எண்டு சொன்னவர். ‘என்ர வாழ்க்கையில நான் வெக்கப்பட்டுச் சொன்ன பொய் அது ஒண்டுதான்’ எண்டு சொல்லுவார்.”



சந்தியோகு எழுந்தார். வெளியே போகத்தான் எழுந்தார் என்பதைப் பற்றிமா அவர் கோட்டைப் பிடித்த விதத்தில் கண்டாள். ஆனால் பின்னாலிருந்த இருநூறு கத்தோலிக்கத் தமிழர்களுக்கும் அந்தச் சபையின் முறை தெரியாது. முன்வரிசைப் பெரியவர் எழுந்தால் எழும்பவேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். இருநூறு பேரும் எழுந்தார்கள். தமிழர்கள் எழுந்ததைக் கண்ட நூற்றைம்பது ஆபிரிக்கர்களும் எழுந்தார்கள். நடைபாதை அடைத்துக்கொண்டது. சந்தியோகுவுக்குப் போக வழியில்லை. தான் கதிரையில் இருந்தால் எல்லோரும் இருப்பார்களோ என்று தெரியவில்லை. நின்றார்.

பற்றிமா அவர் நிற்பதைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

“அந்த ஞாயிறு ஆராதனை எஸ்-பான் ரெயிலில. வின்டர்தூரில இருந்து சூரிச், சூரிச்சில இருந்து வின்டர்தூர், நாலுதரம். சீட்டுப் பாக்க வந்தவன் ஆசீர்வாதம் முடியும்வரைக்கும் இறங்கேல்லை.” ஒரு மூச்சு எடுத்தாள். “தொண்ணூற்று மூண்டில மன்னாரில இருந்து ஒருத்தி வந்தாள். வாசலில நிண்டு மூக்கைச் சுளிச்சுப்போட்டுத் திரும்பிப் போனாள். இதை அவர் சரித்திரத்தில ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்லுறன். நாலாவது, பாஸ்ரர் செலஸ்ரின். இஞ்ச நிக்கிறா.”

அந்த அடியில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சத்தம் கேட்டால் முறைப்பாட்டுக்கு ஏறி வரும் கீழ்மாடிக் கந்தோரிலிருந்து அன்றைக்கு ஒருவரும் வரவில்லை.

*

கீழே, பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சந்தியோகு பற்றிமாவின் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பியில் பனி விழுந்து கரைந்தது. குனிந்து வண்டியின் சில்லைப் பார்த்தார்.

“பிள்ளை.”

“ம்.”

“அந்த மூண்டு தவணை ஞானஸ்நானம்... உண்மையே?”

முப்பத்தொரு வருடம் பாத்திரம் கழுவிக்கொண்டே “பொய்” என்று கத்தியவள் அவர் முகத்தை நேரே பார்த்தாள்.

“ஓம்,” என்றாள். “நாலாவது தவணைக்கு ஆள் வரேல்லை.”

அவர் தலையாட்டினார். குலேந்திரனின் காருக்குப் போனார். அதன் பின்இருக்கையில் ஏற்கெனவே இரண்டு கொங்கோக் கிழவிகள் இருந்தார்கள். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

பற்றிமா வண்டியின் முன்இருக்கையில் ஏறினாள். சேலைக்கு மேலால் பட்டியைப் பூட்டும்வரை வண்டி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பிரதான வீதிக்கு வந்ததும், நகரசபையின் உப்புத் தூவும் வாகனம் ஒன்று முன்னால் அகப்பட்டது. மஞ்சள் விளக்குச் சுழல, மனிதன் நடக்கும் வேகத்தில் அது போனது. பின்னால் ஐம்பது கார்கள் வரிசையாகக் கூடின. சாரதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே வீதி வெறுமையாக இருந்ததால் முந்திப் போகச் சமிக்ஞை விளக்கைப் போட்டார்.

“நைன்,” என்றாள் பற்றிமா.

சாரதி விளக்கை அணைத்தார். முன்னால் வெள்ளை உப்பு வீதி முழுவதும் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.